ஒரு பொட்டலம் கடலையும் நாலு உடைந்த ஓடுகளும்



அரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேஜை மேல் இருக்கிறது. இன்லேண்ட் லெட்டர். இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: அவருடையது ஓட்டு வீடு. குரங்குத் தொல்லையால் இந்த வருஷம் மட்டும் நாலு தடவை ஓடு மாற்றியாகிவிட்டது. புளி காயப்போட்டால் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். ஒரு நாள் வேறு வழியில்லாமல் ஆறாவது படிக்கிற மகளை லீவு போடச் சொல்லி, கையில் குச்சியைக் கொடுத்துக் காவலுக்கு உட்கார வைத்தாராம். “படிக்கிற பிள்ளையைக் குரங்குக்குக் காவல் வைத்தோமே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்து விரட்டவும் கை வரவில்லை, ஆஞ்சநேயர் ஆயிற்றே. நீங்களாவது ஏதாவது எழுதுங்கள் அக்கா” என்று முடித்திருக்கிறார்.

என்ன எழுதுவது? தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் இதே கதைதான். ஒருவர் வீட்டில் அடுக்களை ஜன்னல் வழியே கை விட்டு இட்லியைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னொருவர் வீட்டில் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளித்தது. தென்னையில் இளங்குரும்பை, மாந்தோப்பில் பிஞ்சு, கொல்லையில் நிலக்கடலை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கீழே போடுகிறதே, அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தர்மபுரியில் ஒரு கல்யாணம் வந்தது. சேலத்திலிருந்து காரில் கிளம்பினோம். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஓமலூர் தாண்டும்போது ஒரு பொட்டலம் வறுகடலையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வாங்கிக்கொள்வோம். தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கிக் குரங்குகளுக்குப் போடுவோம். பிள்ளைகள் கைதட்டுவார்கள். வாயில்லா ஜீவனுக்குப் போட்டோம் என்று நமக்கும் ஒரு நிறைவு. உங்களில் எத்தனை பேர் இப்படிப் போட்டிருப்பீர்கள்?

இந்த முறை கணவாயில் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தார்ச்சாலையில் வீச, எதிர்ப்பக்கத்துச் சரிவிலிருந்து ஏழெட்டுக் குரங்குகள் குறுக்கே ஓடி வந்தன. பின்னால் லாரி. ஏர் பிரேக் சத்தம் கேட்டு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அன்றைக்கு எதுவும் அடிபடவில்லை.

ஆனால் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு தாய்க் குரங்கு தனியாக உட்கார்ந்திருந்தது. மடியில் குட்டி. தூங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் தாய் எழுந்து நாலு அடி நடந்தபோதுதான் தெரிந்தது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை விடாமல் பற்றிக்கொள்ளும். குரங்குப் பிடி என்று நாம் சொல்வதே அதைப் பார்த்துத்தான். இந்தக் குட்டி பற்றவில்லை. தாய்தான் ஒரு கையால் அதை இடுக்கிக்கொண்டு மூன்று காலில் நடந்தது. குட்டியின் தோல் காய்ந்து, வால் கயிறு மாதிரி தொங்கியது. செத்து நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். வண்டியில் அடிபட்டதா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. குரங்குத் தாய்கள் இப்படி இறந்த குட்டியை நாள்கணக்கில் சுமப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் துணையை இழந்த மந்தி ஒன்று வரும். தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து விழுந்து உயிர் விடும். நம் முன்னோர் குரங்கை எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இதைப் பாடியிருப்பார்கள்! ஆண் கடுவன், பெண் மந்தி என்று தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது.

கடலைப் பொட்டலம் பிரிக்காமலே தர்மபுரி வரை வந்தது.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் முதல் செய்தியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நாம் தினமும் பார்க்கிற, ‘தொல்லை தாங்கவில்லை’ என்று சொல்கிற இந்த நாட்டுக் குரங்கு குறைந்துகொண்டே வருகிறது!

குல்லாய்க் குரங்கு என்று புத்தகங்களில் சொல்வார்கள். உச்சந்தலையில் வகிடு எடுத்துச் சீவியது போல மயிர் பரந்து, குல்லாய் வைத்த மாதிரி இருக்கும். வால் உடம்பை விட நீளம். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, தென்னிந்தியாவில் மட்டும்தான். வட இந்தியாவில் நாம் பார்க்கிற, குட்டை வாலும் சிவந்த பின்புறமும் உள்ள செம்முகக் குரங்கு வேறு இனம். அது கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறு தாண்டித் தெற்கே இறங்கி, நம் குரங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

2017இல் மைசூரு ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு வெளியிட்ட ஆய்வு, 25 ஆண்டுகளில் இந்த இனம் 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதாகச் சொன்னது. 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், ‘கவலை இல்லை’ என்ற வரிசையிலிருந்து ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்ற வரிசைக்கு இது வந்துவிட்டது.

அப்படியென்றால் அரூர் வாசகி சொல்வது பொய்யா? இல்லை. அவர் வீட்டு ஓடும் உண்மை, இந்தக் கணக்கும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாற்பது வயது தாண்டியவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலு வழிச்சாலை வருவதற்கு முன் நம் ஊர் ரோடுகள் எப்படி இருந்தன? இரண்டு பக்கமும் புளி, ஆல், அரசு, வேம்பு. பகலிலேயே நிழல் இருட்டாக இருக்கும். ஒவ்வொரு நாலைந்து மைலுக்கும் ஒரு குரங்குக் கூட்டம் அந்த மரங்களிலேயே பிழைத்தது. ஆலம்பழம், அத்திப்பழம், நாவல், புளியங்கொழுந்து, பூச்சி, புழு. ராத்திரி படுக்க உயரமான கிளை. கூட்டங்கள் ஊர் ஊராகச் சிதறி இருந்ததால் யாருக்கும் பெரிய பாரமாகத் தெரியவில்லை. ரோடு அகலமானது, மரம் போனது, அந்தக் கூட்டங்களும் போயின. இதைத்தான் கர்நாடகத்தின் சாலை ஓரங்களில் ஆய்வாளர்கள் வருஷக்கணக்காக எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பவை எங்கே இருக்கின்றன? சோறு கிடைக்கிற இடத்தில். கோயில் படிக்கட்டு, சுற்றுலாத் தலம், கணவாய்ச் சாலை, குப்பைமேடு. அந்த 2017 ஆய்விலும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாத இடங்களாகச் சொல்லப்பட்டவை கோயில் தலங்கள்தான். தர்மபுரி மாவட்டத்தில் சோறு கிடைக்கிற இடங்கள் ஒகேனக்கல், தீர்த்தமலை, தொப்பூர். பத்து ஊருக்குப் பரவியிருந்த பாரம் இரண்டு ஊரின் தலையில் இறங்கியிருக்கிறது. அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்குக் குரங்கு பெருகிவிட்டதாகத்தானே தோன்றும்?

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு குரங்குகள் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல், காவிரி தெற்கு 2022இல் என்று அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட பெரிய காட்டுப் பகுதி அது. யானை நடமாடும் காடு. அந்தக் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குரங்கு வண்டிக்காகக் காத்திருக்கிறதென்றால், அதற்கு அதைப் பழக்கியது யார்?

குரங்கு படு சூட்டிகையான பிராணி. கர்நாடகத்துப் பண்டிப்பூரில் இதே இனத்தை வைத்து ஒரு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே குரங்குகள் மனிதர்களிடம் கையை நீட்டி, ‘கூ’ என்று மெல்லக் குரல் கொடுத்துக் கேட்கின்றனவாம். கையில் தின்பண்டம் வைத்திருப்பவர் தன் பக்கம் பார்க்கிறாரா என்று கவனித்துவிட்டுக் கேட்கின்றனவாம். நம்மைப் படித்து, நமக்கென்றே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன! படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது. கூடவே ஒரு சங்கடம். இவ்வளவு அறிவும் அத்திமரத்தில் எப்போது பழம் பழுக்கும் என்று நினைவு வைத்துக்கொள்ளச் செலவாகியிருக்க வேண்டியது.

குரங்குக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். அம்மா, பாட்டி, சித்தி என்று ஒரு குடும்பமே கூட இருக்க, குட்டி அவர்களைப் பார்த்துத்தான் தின்னக் கற்றுக்கொள்கிறது. எந்த மரம், எந்தப் பருவம், எது கசப்பு, எங்கே தண்ணீர் என்று எல்லாமே பாட்டி வழிக் கல்விதான். ஒரு ஈட்டுக்கு ஒரு குட்டி. ஐந்தரை மாதம் சுமந்து, பெரும்பாலும் தை முதல் சித்திரைக்குள் பெறும். அந்தக் குட்டி பிறந்து கண்ணால் பார்க்கிற முதல் சாப்பாடு சிப்ஸ் பாக்கெட் என்றால், அதற்குத் தெரிந்த காடு நம் கார் ஜன்னல்தான்.

சும்மா கிடைக்கிற சாப்பாடு கூட்டத்துக்குள்ளேயும் சண்டையைக் கொண்டுவருகிறது. மரத்தில் பழம் பத்துக் கிளையில் பரவி இருக்கும், ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்னலாம். ரோட்டில் விழும் ஒரு வாழைப்பழம் ஒருவருக்குத்தான். பெரிய கடுவன் பிடுங்கிக்கொள்ளும். குட்டி வைத்திருக்கும் தாய்க்குக் கடியும் கீறலும்தான் மிச்சம். நாம் பாவம் பார்த்துப் போடுவது அந்தத் தாயை நினைத்துத்தான். அதற்குப் போய்ச் சேருவதே இல்லை.

நாம் போய்விடுகிறோம். குரங்கு அங்கேயே இருக்கிறது. சனி, ஞாயிறு வண்டி வரும், வயிறு நிறையும். திங்கட்கிழமை? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும், மீன் வறுவல் கடை ஓரமெல்லாம் எச்சில் இலை. அதற்கு மறுவாரம்? மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கூட்டம் மனிதர் இருக்கும் இடத்தைத் தேடித்தானே போகும்? பக்கத்தில் ஓட்டு வீடு. ஓட்டுக்கு அடியில் அடுக்களை, அடுக்களையில் சோற்றுப் பானை. ஒரு ஓட்டை நகர்த்தினால் உள்ளே வழி. காரில் போகிறவர் வீசிய ஒரு பொட்டலம் கடலைக்கு, கூரையில் நாலு ஓடு கொடுத்து விலை தீர்ப்பவர் அந்தக் கடிதம் எழுதிய அம்மாதான். அவருக்கு அந்தக் கார்க்காரர் யாரென்றே தெரியாது. அந்தக் கார்க்காரருக்கும் இவரைத் தெரியாது. அந்தக் கார்களில் ஒன்று எங்களுடையதாக இருந்திருக்கலாம்.

“வனத்துறையிடம் சொல்லிப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் என்ன?” என்று கேட்பீர்கள். கூண்டு வைப்பதும் பிடித்துக் காட்டில் விடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாமாகப் பிடிப்பதும் அடிப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலும் கூட்டம் முழுதும் கூண்டில் சிக்குவதில்லை. குடும்பம் பிரிகிறது. கொண்டுபோய் விடுகிற காடு ஏற்கெனவே இன்னொரு கூட்டத்தின் இடம். எங்கே தண்ணீர், எந்த மரம் என்று எதுவும் தெரியாது. பாக்கெட் பிரிக்கத் தெரிந்த குரங்கு அங்கிருந்து என்ன செய்யும்? விளக்கு வெளிச்சம் தெரிகிற ஊரைப் பார்த்து நடக்கும். ஒரு ஊரின் தலைவலி இன்னொரு ஊருக்குப் போகிறது. அங்கே ஒரு அம்மா இன்னொரு இன்லேண்ட் லெட்டர் எழுதுவார். பிடித்த இடத்திலும் சாப்பாடு அப்படியே கிடந்தால் வேறு கூட்டம் வந்து உட்கார எத்தனை நாள் ஆகும்?

இதையெல்லாம் ஒரு பெரியவரிடம் சொன்னேன். “சாமிக்குப் படைக்கிற மாதிரி போடுகிறோம். அதையும் நிறுத்தச் சொல்கிறாயா?” என்று வருத்தப்பட்டார். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துபவள்தான் நானும். தீர்த்தமலைக் கதையை அவருக்குச் சொன்னேன். பூஜைக்குக் கங்கைத் தீர்த்தம் எடுத்துவரப் போன அனுமன் வரத் தாமதமாக, ராமர் மலையில் அம்பு எய்து தீர்த்தம் வரவழைத்தார். தாமதமாக வந்த அனுமன் வீசிய தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆனது. இன்றைக்கும் தீர்த்தமலைப் படியில் அர்ச்சனைத் தட்டைக் குரங்குகளிடமிருந்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் ஏறுகிறோம். சாமியாகக் கும்பிடுவதைப் பார்த்துப் பயந்து மறைக்கிற நிலைமைக்கு வந்திருக்கிறோமே, இது நம் கொடுமையா அதன் கொடுமையா? பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் ஊர் ஏரிக்கரையில் ரெண்டு அரச மரம் இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஏரிக்கரை அரச மரத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆல், அரசு, அத்தி, நாவல் நாலையும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் ஊர் எல்லையிலும் வைத்தால், அது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போடுகிற பழம் இல்லை, நூறு வருஷத்துக்குப் போடுகிற பழம். ஆலும் அத்தியும் மரத்துக்கு மரம் வேறு வேறு மாதத்தில் பழுக்கும். மாம்பழம் மாதிரி ஒரே பருவத்தில் வந்து தீர்ந்துபோகாது. குரங்கு கன்னத்துப் பையில் பழத்தை அடைத்துக்கொண்டு போய்த் தின்று கொட்டையைத் துப்புகிற இடத்தில் அடுத்த மரம் முளைக்கலாம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் நாட்டு மரக் கன்றுகளை வளர்க்கிறார்கள். உங்கள் பஞ்சாயத்தில் மரம் வைக்கிறோம் என்று யாராவது வந்தால், பூமரமும் அழகு மரமும் மட்டும் போதாது, அத்தியும் ஆலும் கொடுங்கள் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

மரம் வளரும்வரை? அரூர் அம்மாவுக்கு நான் எழுதிய பதிலில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். அடுக்களை ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். டேங்க் மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். எச்சில், காய்கறித் தோல் எதையும் திறந்த குப்பையில் போடாதீர்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டுக் குப்பை திறந்திருந்தாலும் போதும், கூட்டம் அந்தத் தெருவை விடாது. ஆகவே தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. எதிரில் வந்துவிட்டால் கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். குரங்குப் பாஷையில் அதற்கு அர்த்தம் வேறு. வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

இது வீட்டில் இருப்பவர்களுக்கு. காரில் போகிற நமக்கு ஒரே ஒரு வேலைதான். கண்ணாடியை இறக்காமல் போவது. பின் சீட்டில் பிள்ளைகள் கேட்பார்கள், “ஏன்மா போடலை?” என்று. தாய்க் குரங்கின் கதையைச் சொல்லுங்கள். குட்டிக்கு அதன் பாட்டி எப்படிச் சாப்பாடு காட்டிக்கொடுக்கும் என்று சொல்லுங்கள். முடிந்தால் காட்டின் பக்கமாக, கொஞ்சம் தூரத்தில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் சும்மா பாருங்கள். பேன் பார்த்துக்கொள்வதையும் பெரிய கடுவன்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்வதையும் பார்க்கலாம். ஆண் குரங்குகள் இவ்வளவு சிநேகமாகப் பழகுவது இந்த இனத்தின் குணம் என்கிறார்கள். சின்ன வயதில் குரங்காட்டி தெருவில் கயிற்றைக் கட்டி ஆட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1998இல் அதற்குத் தடை வந்தது. நம் பிள்ளைகளாவது ஆடாத, கை நீட்டாத குரங்கைப் பார்க்கட்டுமே.

அரூர் அம்மாவிடமிருந்து நேற்றுப் பதில் வந்தது. ஜன்னலுக்கு வலை அடித்தாகிவிட்டதாம். குப்பையை மூடி வைக்கத் தெருவில் ஏழு வீடு சம்மதம், இரண்டு வீடு இன்னும் இழுக்கிறார்களாம். மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது, அங்கே அத்திக் கன்று வைக்கலாமா, ஆட்டிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு வழி சொல்லக்கூடியவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். முள்வேலியா, பனை மட்டையா, எது ஆட்டுக்கு நிற்கும்? எழுதுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆலோ அரசோ இன்னும் நின்றால் அதையும் எழுதுங்கள், எத்தனை கூட்டம் அதில் படுக்கிறது என்று எண்ணி எழுதினால் இன்னும் சந்தோஷம். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்